மின்வேதிக் கலங்களில் வாயுக்களின் ஃபியூகாசிட்டி: கணக்கிடும் முறைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு பக்கம் ஹைட்ரஜன் மின்முனையும் மறுபக்கம் கலோமெல் (மெர்குரஸ் குளோரைடு) மின்முனையும், இரண்டுக்கும் பொதுவாக நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கொண்ட ஒரு கலத்தை 25 டிகிரி செல்சியஸில் வைத்து, ஹைட்ரஜனின் அழுத்தத்தை 1 பாரிலிருந்து 100 பாருக்கு உயர்த்துவதாகக் கொள்வோம். நெர்ன்ஸ்ட் சமன்பாட்டில் அழுத்தத்தை அப்படியே இட்டுக் கணக்கிட்டால், மின்னியக்கு விசை 59.16 மில்லிவோல்ட் கூட வேண்டும். ஹைட்ரஜனை நல்லியல்பு வாயுவாகக் கொள்ளாமல், அது உண்மையில் எப்படி நடந்துகொள்கிறதோ அப்படியே எடுத்துக்கொண்டால் விடை 59.9 மில்லிவோல்ட் ஆகிறது. இடையிலுள்ள முக்கால் மில்லிவோல்ட் எங்கிருந்து வந்தது, அதை எப்படிக் கணக்கிடுவது, எப்போது அதைப் பொருட்படுத்தாமல் விடலாம் என்பவைதான் இந்த வழிகாட்டியின் பொருள்.

நெர்ன்ஸ்ட் சமன்பாடு, அழுத்தம், கட்டிலா ஆற்றல் ஆகியவற்றைக் கல்லூரி முதலாண்டு அளவில் அறிந்தவர்களை மனதில் கொண்டே எழுதுகிறேன். குறியீடுகளுக்குப் பதிலாகச் சமன்பாடுகளைச் சொற்களிலேயே தருகிறேன். சற்று நீளமாக இருந்தாலும், எந்த எண் எங்கே போகிறது என்பது அப்போது தெளிவாகத் தெரியும்.

ஃபியூகாசிட்டி என்றால் என்ன

வெப்பநிலையை மாற்றாமல் ஒரு மோல் வாயுவின் அழுத்தத்தைச் சிறிது உயர்த்தினால், அதன் கிப்ஸ் கட்டிலா ஆற்றல் உயரும். எவ்வளவு உயரும் என்பதை அவ்வாயுவின் மோலார் பருமன் முடிவு செய்கிறது. நல்லியல்பு வாயுவுக்குப் பருமன் அழுத்தத்திற்கு எதிர்விகிதத்தில் இருப்பதால், தொகையிட்டுப் பார்க்கும்போது கட்டிலா ஆற்றல் அழுத்தத்தின் மடக்கையைப் பின்பற்றுகிறது. நெர்ன்ஸ்ட் சமன்பாட்டில் வாயுவுக்கு மடக்கை வருவது இதனால்தான். இயல்பு வாயுவின் பருமன் இந்த எளிய உறவிலிருந்து விலகுகிறது. ஆகவே மடக்கை உறவும் உடைந்துபோகிறது.

1901இல் கில்பர்ட் நியூட்டன் லூயிஸ் இதற்கு ஒரு வழி சொன்னார். மடக்கை உறவை மாற்றாமல் வைத்துக்கொண்டு, அதற்குள் இடும் அளவை மட்டும் மாற்றிவிடலாம் என்பதே அந்த வழி. அழுத்தத்தின் இடத்தில் வந்து உட்காரும் அந்தத் திருத்திய அளவே ஃபியூகாசிட்டி. தப்பியோடுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து பெயர் வந்தது. ஒரு வாயு தான் இருக்கும் நிலையை விட்டு வெளியேற எவ்வளவு முனைகிறது என்பதை அது காட்டுகிறது. அழுத்தத்தின் அலகிலேயே இதையும் சொல்கிறோம். அழுத்தம் பூச்சியத்தை நெருங்கும்போது இரண்டும் ஒன்றாகிவிட வேண்டும் என்பதும் வரையறையின் ஒரு பகுதி.

ஃபியூகாசிட்டியை அழுத்தத்தால் வகுத்தால் கிடைப்பது ஃபியூகாசிட்டி குணகம். அது 1 என்றால் வாயு நல்லியல்போடு நடக்கிறது. 1ஐ விடக் குறைந்தால் மூலக்கூறுகளுக்கிடையே ஈர்ப்பும், கூடினால் விலக்கமும் மேலோங்கி நிற்கின்றன. அறை வெப்பநிலையில் ஹைட்ரஜனின் குணகம் 1ஐ விட அதிகம். குளோரினின் குணகம் 1ஐ விடக் குறைவு. இந்த இரண்டு வாயுக்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே பொருளைப் புரிந்துகொள்ளச் சிறந்த வழி என்பது என் எண்ணம்.

திட்டநிலை குறித்து ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். திட்ட ஹைட்ரஜன் மின்முனையின் திட்டநிலை, ஃபியூகாசிட்டி 1 பார் ஆக இருக்கும் ஏதோவொரு இயல்பு ஹைட்ரஜன் அன்று. 1 பார் அழுத்தத்தில் நல்லியல்பாக நடக்கும் ஒரு கற்பனை ஹைட்ரஜன். ஃபியூகாசிட்டியை 1 பாரால் வகுத்துக் கிடைக்கும் அலகற்ற எண்ணே அவ்வாயுவின் செயல்திறன். நெர்ன்ஸ்ட் சமன்பாட்டின் மடக்கைக்குள் போக வேண்டியது அந்த எண்தான். பழைய அட்டவணைகள் பாருக்குப் பதிலாக அட்மாஸ்பியரைத் திட்ட அழுத்தமாகக் கொண்டிருந்தன. 1982இல் தூய மற்றும் பயன்பாட்டு வேதியியலுக்கான பன்னாட்டு ஒன்றியம் 1 பாரைப் பரிந்துரைத்தது. இந்த மாற்றம் ஹைட்ரஜன் மின்முனையில் 0.17 மில்லிவோல்ட் வேறுபாட்டைத் தருகிறது. நான் முதன்முதலில் இக்கணக்கைச் செய்தபோது, அழுத்தத்தை அட்மாஸ்பியர் அட்டவணையிலிருந்தும் திட்ட மின்னழுத்தத்தைப் பார் அட்டவணையிலிருந்தும் எடுத்துவிட்டு, எஞ்சிய 0.17 மில்லிவோல்ட்டை ஃபியூகாசிட்டியின் விளைவு என்று பெருமையாக எழுதி வைத்தேன். சாதாரண அழுத்தத்தில் உண்மையான ஃபியூகாசிட்டி விளைவு அதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

படி 1: வினையை எழுதி எலக்ட்ரான்களை எண்ணுதல்

நாம் எடுத்துக்கொண்ட கலத்தில் நிகழும் வினை இது:

ஹைட்ரஜன் + மெர்குரஸ் குளோரைடு → 2 பாதரசம் + 2 ஹைட்ரோகுளோரிக் அமிலம்

இடம்பெயரும் எலக்ட்ரான்கள் 2. ஹைட்ரஜன் வினைபடுபொருளாக இருப்பதால், அதன் ஃபியூகாசிட்டி கூடும்போது மின்னியக்கு விசையும் கூடும். வாயு விளைபொருளாக இருந்தால் குறி தலைகீழாகும். மடக்கைக்கு முன்னால் நிற்கும் பெருக்கு எண், வாயு மாறிலியை வெப்பநிலையால் பெருக்கி, எலக்ட்ரான் எண்ணிக்கையையும் ஃபாரடே மாறிலியையும் (96,485 கூலும்) பெருக்கி வந்த எண்ணால் வகுத்துக் கிடைப்பதாகும். 298.15 கெல்வினில், ஒரு மூலக்கூறுக்கு 2 எலக்ட்ரான் என்றால் அது 12.85 மில்லிவோல்ட், ஆக்சிஜனைப் போல 4 எலக்ட்ரான் என்றால் 6.42 மில்லிவோல்ட். இவை இயல்மடக்கைக்கான எண்கள். பத்தடிமான மடக்கையைப் பயன்படுத்துவோர் 2.303ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

இந்த 12.85 என்ற எண்ணிலிருந்தே ஒரு பயனுள்ள அளவுகோல் கிடைக்கிறது: இரண்டு எலக்ட்ரான் வினையில் ஃபியூகாசிட்டி குணகம் 1 சதவீதம் விலகினால், மின்னியக்கு விசை ஏறத்தாழ 0.13 மில்லிவோல்ட் மாறும். உங்கள் அளவீட்டின் துல்லியம் 1 மில்லிவோல்ட் என்றால், 7 அல்லது 8 சதவீதத்திற்குக் குறைந்த எந்த விலகலும் உங்கள் கண்ணுக்குத் தெரியப்போவதில்லை. முழுக் கணக்கில் இறங்குவதற்கு முன் இந்த ஒப்பீட்டைச் செய்துவிடுவது நல்லது.

படி 2: வாயுவின் உண்மையான அழுத்தத்தைக் கண்டறிதல்

பெரும்பாலான பிழைகள் நுழைவது இந்தப் படியில்தான். ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன். ஃபியூகாசிட்டி குணகத்தை எவ்வளவு நுட்பமாகக் கணக்கிட்டாலும், அது பெருக்கப்படும் அழுத்தம் தவறாக இருந்தால் பயனில்லை.

முதலாவது, அழுத்தமானி காட்டும் எண். உருளைகளில் பொருத்தப்பட்டிருக்கும் பெரும்பாலான அழுத்தமானிகள் வளிமண்டலத்திற்கு மேலுள்ள அழுத்தத்தையே காட்டுகின்றன. முள் 1 பாரில் நின்றால் உள்ளே இருப்பது ஏறத்தாழ 2 பார். இதைக் கவனிக்கத் தவறினால் ஹைட்ரஜன் மின்முனையில் 8.9 மில்லிவோல்ட் பிழை வரும். ஹைட்ரஜனின் ஃபியூகாசிட்டி விளைவு அந்த அளவை எட்ட வேண்டுமானால் அழுத்தம் 1000 பாரையும் தாண்ட வேண்டும்.

இரண்டாவது, நீராவி. மின்பகுளியின் வழியே குமிழிகளாக ஏறிவரும் வாயு, நீராவியால் நிறைவுற்ற நிலையில்தான் மின்முனையைத் தொடுகிறது. 25 டிகிரியில் நீரின் ஆவி அழுத்தம் 0.0317 பார். அறையின் அழுத்தம் 1.013 பார் என்றால் ஹைட்ரஜனுக்கு எஞ்சுவது 0.9816 பார் மட்டுமே. இதனால் மின்முனையின் மின்னழுத்தம் 1 பாருக்குரிய மதிப்பிலிருந்து 0.24 மில்லிவோல்ட் விலகுகிறது. 80 டிகிரியில் ஆவி அழுத்தம் 0.474 பாராக உயர்ந்துவிடும். வளிமண்டல அழுத்தத்தில் இயங்கும் கலத்தில் அப்போது வாயுவின் பங்கு ஏறத்தாழ பாதிதான்.

மூன்றாவது, குமிழி வெளிவரும் ஆழம். ஹைட்ரஜன் மின்முனையை அருகில் வைத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். பிளாட்டினக் கருமை பூசிய தகடு பாதி நனைந்தும் பாதி வெளியிலுமாக நிற்க, அதன் கீழேயுள்ள நுண்துளையிலிருந்து குமிழிகள் ஒவ்வொன்றாகத் தகட்டை உரசிக்கொண்டு மேலேறும். வோல்ட்மானியின் கடைசி இலக்கம் குமிழிக்கு ஏற்ப ஆடி, நேரம் செல்லச் செல்ல ஒரு நிலைக்கு வரும். துளை நீர்மட்டத்திற்கு 10 சென்டிமீட்டர் கீழே இருந்தால், அந்த ஆழத்தில் அழுத்தம் ஏறத்தாழ 0.01 பார் கூடுதல். அது அதிகபட்சமாக 0.13 மில்லிவோல்ட் வரை மாற்றம் தரக்கூடும். வாயுவைக் கலத்திற்குள் விடுமுன், அதே மின்பகுளி நிரம்பிய ஒரு குப்பியின் வழியே செலுத்தி நிறைவுறச் செய்யவும் வேண்டும். இல்லையென்றால் வறண்ட வாயு கலத்திலுள்ள நீரை எடுத்துச் சென்று அமிலத்தின் செறிவை மெல்ல மாற்றிவிடும்.

இவற்றோடு ஒப்பிட்டால், 1 பார் அழுத்தத்தில் ஹைட்ரஜனின் ஃபியூகாசிட்டித் திருத்தம் வெறும் 0.0075 மில்லிவோல்ட். ஆக, வளிமண்டல அழுத்தத்தில் வேலை செய்பவர் ஹைட்ரஜனின் ஃபியூகாசிட்டியைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன் நீராவியைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்.

படி 3: ஃபியூகாசிட்டி குணகத்தைக் கணக்கிடுதல்

அடிப்படை உறவு எளியது. வாயுவின் அமுக்கத்திறன் காரணியிலிருந்து (அதாவது உண்மையான மோலார் பருமனை நல்லியல்பு மதிப்பால் வகுத்து வரும் எண்ணிலிருந்து) 1ஐக் கழித்து, அழுத்தத்தால் வகுத்து, பூச்சியத்திலிருந்து வேண்டிய அழுத்தம் வரை தொகையிட்டால் ஃபியூகாசிட்டி குணகத்தின் இயல்மடக்கை கிடைக்கும். அமுக்கத்திறன் காரணிக்கு நம்பகமான அட்டவணை கையில் இருந்தால், வரைபடமாக இட்டு வளைகோட்டின் கீழுள்ள பரப்பை அளந்தாலே போதும்.

குறைந்த, நடுத்தர அழுத்தங்களில், நல்லியல்பிலிருந்து வாயு விலகுவதற்கான முதல் திருத்தத்தைத் தரும் எண்ணான இரண்டாம் விரியல் குணகமே வேலையை முடித்துவிடுகிறது:

ஃபியூகாசிட்டி குணகத்தின் இயல்மடக்கை = (இரண்டாம் விரியல் குணகம் × அழுத்தம்) ÷ (வாயு மாறிலி × வெப்பநிலை)

25 டிகிரியில் வகுத்தியிலுள்ள பெருக்கத்தின் மதிப்பு, கன சென்டிமீட்டரும் பாரும் அலகுகளாகக் கொண்டால், ஒரு மோலுக்கு 24,790. ஹைட்ரஜனின் இரண்டாம் விரியல் குணகம் இந்த வெப்பநிலையில் ஏறத்தாழ +14.5 கன சென்டிமீட்டர். 100 பாருக்கு: 14.5 × 100 ÷ 24,790 = 0.0585. குணகம் 1.060, ஃபியூகாசிட்டி 106 பார்.

விரியல் குணகம் கிடைக்காதபோது வாண்டர் வால்ஸ் மாறிலிகளிலிருந்து அதை மதிப்பிடலாம். மூலக்கூறுகளின் பருமனைக் குறிக்கும் மாறிலியிலிருந்து, ஈர்ப்பைக் குறிக்கும் மாறிலியை வாயு மாறிலி × வெப்பநிலையால் வகுத்துக் கழிக்க வேண்டும். ஹைட்ரஜனுக்கு அது 26.6 − 10.0 = 16.6 கன சென்டிமீட்டர். உண்மை மதிப்பைவிடச் சற்று மிகை. ஆயினும் 100 பாரில் இதனால் நேரும் பிழை 0.1 மில்லிவோல்ட் அளவே. குளோரினுக்கோ இந்த வழி −209 என்று சொல்ல, உண்மையான மதிப்பு −300ஐ ஒட்டி இருக்கிறது. எளிதில் திரவமாகும் வாயுக்களுக்கு வாண்டர் வால்ஸ் மதிப்பீட்டை நான் நம்புவதில்லை. விலகலின் திசையைக் காட்ட மட்டுமே அது உதவும்.

மிக உயர்ந்த அழுத்தங்களில் இரண்டாம் விரியல் குணகம் மட்டும் போதாது. அறை வெப்பநிலை ஹைட்ரஜனைப் பொறுத்தவரை ஒரு நல்ல குறுக்குவழி உண்டு: அதன் மோலார் பருமன், நல்லியல்பு மதிப்பைவிட ஏறத்தாழ 15.8 கன சென்டிமீட்டர் கூடுதலாகவே 1000 பார் வரை நீடிக்கிறது என்று கொள்ளலாம். அப்போது மேலுள்ள சமன்பாட்டில் விரியல் குணகத்தின் இடத்தில் 15.8 என்று இட்டாலே போதும். 1000 பாரில் குணகம் 1.89 ஆகிறது, அதாவது 1000 பார் ஹைட்ரஜன் 1890 பார் நல்லியல்பு ஹைட்ரஜனைப் போல நடந்துகொள்கிறது.

கலவை வாயுக்களுக்கு லூயிஸ்–ராண்டல் விதி உண்டு. கலவையின் மொத்த அழுத்தத்தில் அந்த வாயு தூயதாக இருந்தால் அதன் குணகம் என்னவாக இருக்குமோ அதை எடுத்து, அதன் பகுதி அழுத்தத்தால் பெருக்க வேண்டும். பகுதி அழுத்தத்திற்குரிய குணகத்தை எடுப்பது பலரும் செய்யும் தவறு. கலவையில் ஒரு வாயு பெரும்பான்மையாக இருக்கும்போது அந்த வாயுவுக்கு இவ்விதி நன்றாகப் பொருந்தும்; சிறுபான்மை வாயுவுக்கு அவ்வளவு நம்பகமானதன்று.

படி 4: நெர்ன்ஸ்ட் சமன்பாட்டில் இடுதல்

இனி எஞ்சியிருப்பது பெருக்கலும் கூட்டலும்தான். மடக்கையின் இயல்பால் ஃபியூகாசிட்டியின் பங்கு தனி உறுப்பாகப் பிரிந்து வருகிறது:

மின்னியக்கு விசையின் உயர்வு = 12.85 × (அழுத்த விகிதத்தின் இயல்மடக்கை + குணக விகிதத்தின் இயல்மடக்கை)

1 பாரிலிருந்து 100 பாருக்கு முதல் உறுப்பு 12.85 × 4.605, அதாவது 59.16 மில்லிவோல்ட். இரண்டாவது உறுப்பு 12.85 × (0.0585 − 0.0006) = 0.74 மில்லிவோல்ட். கூட்டினால் 59.9. 1000 பாருக்கு முதல் உறுப்பு 88.7, இரண்டாவது 8.2, மொத்தம் 96.9 மில்லிவோல்ட். ஃபியூகாசிட்டி ஏறத்தாழ இருமடங்கானபோதும் மின்னியக்கு விசையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான மாற்றமே வந்திருப்பதைக் கவனியுங்கள்.

படி 5: நீர்மங்களையும் திண்மங்களையும் மறவாமை

முழுக் கலத்தையும் அழுத்தத்திற்கு உள்ளாக்கும்போது வாயு மட்டும் அமுங்குவதில்லை. மின்பகுளி, பாதரசம், கலோமெல் எல்லாமே அதே அழுத்தத்தில் இருக்கின்றன. வினையின்போது இந்த அமுங்காப் பொருள்களின் பருமனில் ஏற்படும் மாற்றத்தை அழுத்த உயர்வால் பெருக்கி, எலக்ட்ரான் எண்ணிக்கை × ஃபாரடே மாறிலியால் வகுத்துக் கழிக்க வேண்டும். நம் கலத்தில் இரண்டு மோல் பாதரசம் 29.6 கன சென்டிமீட்டர், நீரில் கரைந்த இரண்டு மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஏறத்தாழ 36, மறைந்துபோகும் ஒரு மோல் கலோமெல் 66. கூட்டிக் கழித்தால் மாற்றம் அரை கன சென்டிமீட்டர்கூட இல்லை. 1000 பாரிலும் அதனால் வரும் திருத்தம் 0.2 மில்லிவோல்ட் அளவே. கலோமெல்லின் இடத்தில் வெள்ளி–வெள்ளி குளோரைடு மின்முனையை வைத்தால் மாற்றம் 5 கன சென்டிமீட்டரை நெருங்கி, அதே அழுத்தத்தில் 2.5 மில்லிவோல்ட் திருத்தம் கேட்கும். உயரழுத்தத்தில் இதை விட்டுவிட்டு ஃபியூகாசிட்டியை மட்டும் திருத்தினால் கணக்கு அரைகுறைதான்.

குளோரின்: விலகல் எதிர்த்திசையில் செல்லும் நிலை

குளோரினின் நிலைமாறு வெப்பநிலை, அதாவது அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் வாயு திரவமாகாத வெப்பநிலை, 417 கெல்வின். அறை வெப்பநிலை அதற்குக் கீழே இருப்பதால் இங்கு ஈர்ப்பு விசையே ஓங்கி நிற்கிறது. 25 டிகிரியில் ஏறத்தாழ 7.8 பாரிலேயே குளோரின் திரவமாகிவிடும் என்பதால், நூறு பார் பற்றிய பேச்சுக்கே இடமில்லை. ஆனால் 1 பாரிலேயே அதன் குணகம் 0.988, ஹைட்ரஜனின் விலகலைப் போல இருபது மடங்கு. ஹைட்ரஜன்–குளோரின் கலத்தில் குளோரினை 1 பாரில் வைத்தாலே 0.16 மில்லிவோல்ட் குறையும். 5 பாருக்கு உயர்த்தினால் நல்லியல்புக் கணக்கு 1 பார் நல்லியல்பு வாயுவுக்குரிய மதிப்பைவிட 20.7 மில்லிவோல்ட் உயர்வைச் சொல்ல, உண்மையில் கிடைப்பது 19.9.

குளோரின் மின்முனையில் வேறொரு சிக்கலும் உண்டு. கரைந்த குளோரின், குளோரைடு அயனியுடன் சேர்ந்து முக்குளோரைடு அயனியை உண்டாக்குகிறது. நீருடன் வினைபுரிந்து ஹைப்போகுளோரஸ் அமிலத்தையும் தருகிறது. இதனால் குளோரைடின் செயல்திறன் மாறிவிடும். குளோரின் அழுத்தத்தை உயர்த்தும் ஒவ்வொரு முறையும் இந்த மாற்றமும் கூடவே வருவதால், அதைத் தனியே கணக்கிட்டுக் கழிக்காமல் அளவீட்டிலிருந்து குளோரினின் ஃபியூகாசிட்டியைப் பிரித்தெடுக்க முடியாது.

கலத்தையே ஃபியூகாசிட்டிமானியாக்குதல்

இதுவரை குணகத்திலிருந்து மின்னியக்கு விசைக்கு வந்தோம். எதிர்த்திசையிலும் செல்லலாம்: மின்னியக்கு விசையை அளந்து அதிலிருந்து ஃபியூகாசிட்டியைப் பெறலாம். ஹெய்ன்ஸ்வொர்த், ரவுலி, மெக்கின்னஸ் ஆகியோர் 1924இல் வெளியிட்ட ஆய்வில், நாம் எடுத்துக்கொண்ட இதே ஹைட்ரஜன்–கலோமெல் கலத்தை 1000 அட்மாஸ்பியர் வரை அழுத்தி இதைச் செய்தார்கள். கலோமெல் கலத்தில் அமுங்காப் பொருள்களின் திருத்தம் ஏறத்தாழ மறைந்துபோவது இத்தகைய வேலைக்கு எவ்வளவு வசதி என்பது படி 5ஐப் பார்த்தாலே புரியும்.

ஆனால் முன்பு நமக்கு உதவிய மடக்கை இங்கே எதிரியாகிறது. மின்னியக்கு விசையில் 1 மில்லிவோல்ட் பிழை நேர்ந்தால் ஃபியூகாசிட்டியில் 8 சதவீதம் பிழை. ஃபியூகாசிட்டியை 0.1 சதவீதத் துல்லியத்தில் வேண்டுவோர் 0.013 மில்லிவோல்ட்டை நம்பிக்கையோடு அளக்க வேண்டும். அழுத்தத்தையும் வெப்பநிலையையும் அதற்கேற்பக் கட்டுக்குள் வைத்திருக்கவும் வேண்டும். அளவீடு மின்னோட்டம் பாயாத நிலையில் நடக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. சிறிதளவு மின்னோட்டமும் மின்முனையில் மிகை மின்னழுத்தத்தை (சமநிலை மதிப்பிலிருந்து விலகலை) உண்டாக்கி, மொத்தக் கணக்கையும் குலைத்துவிடும்.

மின்னாற்பகுப்புக் கலமும் மின்வேதி அமுக்கியும்

80 டிகிரியில், ஹைட்ரஜன் பக்கம் 30 பாரில் இயங்கும் நீர் மின்னாற்பகுப்புக் கலத்தை எடுத்துக்கொள்வோம். இந்த வெப்பநிலையில் பெருக்கு எண் 15.2 மில்லிவோல்ட். நீராவியைக் கழித்து ஹைட்ரஜனின் பகுதி அழுத்தத்தை 29.5 பார் என்று கொண்டால், 1 பாரோடு ஒப்பிடும்போது கூடுதலாகத் தர வேண்டிய மின்னழுத்தம் 51.5 மில்லிவோல்ட், ஃபியூகாசிட்டியால் கூடுவது 0.24 மில்லிவோல்ட் மட்டுமே. இயங்கும் கலத்தில் மிகை மின்னழுத்தங்கள் நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட்டில் இருக்கும்போது இந்தக் கால் மில்லிவோல்ட்டை விட்டுவிடுவதில் தவறே இல்லை.

700 பாருக்கு அழுத்தும் மின்வேதி அமுக்கியில் நிலைமை வேறு. அங்கு ஆனோடில் 1 பார் ஹைட்ரஜன் அயனியாகிச் சவ்வைக் கடந்து, கேத்தோடில் 700 பாரில் மீண்டும் வாயுவாகிறது. 25 டிகிரியில் நல்லியல்புக் கணக்கு 84.2 மில்லிவோல்ட், குணகம் 1.56 ஆக இருப்பதால் இன்னும் 5.7 சேர்ந்து 89.9 மில்லிவோல்ட் ஆகிறது. மின்னழுத்தமாகப் பார்த்தால் சிறியதுதான். ஆற்றலாக மாற்றினால், ஒரு கிலோகிராம் ஹைட்ரஜனுக்குக் குறைந்தபட்சம் 2.24 கிலோவாட் மணி என்று நல்லியல்புக் கணக்கு சொல்லுமிடத்தில் உண்மையில் வேண்டியது 2.39. அமுக்கியின் திறனைச் சதவீதத்தில் குறிப்பிடுபவர் வகுத்தியில் எந்த எண்ணை இடுகிறார் என்பதைப் பொறுத்து, ஒரே கருவியின் திறன் 6 முதல் 7 சதவீதம் வரை மாறித் தோன்றும்.